தாளின் மறுபக்கத்து ஆறு கேள்விகள்

மனநல ஆஸ்பத்திரியில் ஏழாம் நம்பர் அறையில் ஒரு அம்மாள் இருக்கிறாராம். நாம் எதிரே போய் உட்கார்ந்தால் போதுமாம், வாயைத் திறக்கவே வேண்டாமாம். நாற்காலியை நாம் இழுத்துப் போடுகிற சத்தத்தை வைத்தே நம் மனசுக்கு எத்தனை மார்க் என்று தாளில் போட்டுவிடுவாராம். இப்படி ஒரு பேச்சு ஊருக்குள் புறப்பட்டது. டீக்கடையில் கொஞ்சம், முடிவெட்டும் கடையில் கொஞ்சம் என்று சதை போட்டது. கடைசியில், வங்கி மேனேஜர் ஒருவர் அந்த அம்மாள் எதிரே வந்தால் குடையை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நடக்கிறார் என்ற அளவுக்கு வந்து நின்றது. அதுவும் மழை இல்லாத நாளில்.

இதில் எவ்வளவு உண்மை என்று விசாரிக்கப் போனால், முக்கால்வாசி புளுகு. மீதிக் கால்வாசி உண்மை. ஆனால் அந்தக் கால்வாசி இருக்கிறதே, அது புளுகைவிட மோசம்.

அந்த அம்மாளை ஆஸ்பத்திரியில் எல்லாரும் கேள்விக்கார அக்கா என்பார்கள். அவர் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. வைத்தியம் பார்ப்பது டாக்டர்கள் பாடு. பார்த்த வைத்தியம் பலித்ததா என்று அளப்பது அக்கா பாடு. காய்ச்சலென்றால் தெர்மாமீட்டர் இருக்கிறது. நாக்குக்கு அடியில் செருகினால் பதில் வந்துவிடும். மனசுக்கு எதன் அடியில் எதைச் செருகுவது? அதனால் படித்தவர்கள் கூடி உட்கார்ந்து இருபத்தெட்டுக் கேள்விகள் எழுதி வைத்தார்கள். தூக்கம், பயம், கோபம், சந்தேகம், காதில் விழும் குரல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஏழு வரை மார்க். ஒன்று என்றால் தொந்தரவே இல்லை. ஏழு என்றால் தொந்தரவைத் தவிர வேறொன்றும் இல்லை. எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு எண் வரும். அந்த எண் ஏறினால் மாத்திரை ஏறும், இறங்கினால் இறங்கும். கன்னாபின்னாவென்று ஏறினால் வார்டில் ஒரு படுக்கை போடுவார்கள்.

இருபத்தெட்டுக் கேள்வியும் ஒரே தாளில் அச்சாகியிருந்தன. முன்பக்கம் பத்தொன்பது, மறுபக்கம் ஒன்பது. வில்லங்கம் எல்லாம் இந்த மறுபக்கத்தில்தான்.

முறையாகக் கேட்டால் ஒரு ஆளுக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும். அக்கா முறையாகத்தான் ஆரம்பிப்பார். ஆனால் ஏழாம் நம்பர் அறை அவருக்கு மட்டும் சொந்தமில்லை. பாதி நாள் அக்காவுக்கு, பாதி நாள் பல் டாக்டருக்கு. மனநல ஆஸ்பத்திரியில் பல் டாக்டருக்கு என்ன வேலை என்று கேட்கக் கூடாது. மனசு சரியில்லாதவர்களுக்கும் பல் வலிக்கும். அவர் நேரம் நெருங்கியதும் வாசலில் வந்து நிற்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார். கையில் பல் பிடுங்குகிற கொறடு மட்டும் இருக்கும். அதை மெதுவாகத் திறந்து திறந்து மூடுவார். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அதற்குப் பிறகு எந்தக் கேள்வியும் காதில் ஏறாது.

அதிலும் டார்ச் ஐயா வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அவர் காலமெல்லாம் சினிமாக் கொட்டகையில் டார்ச் அடித்து, ஆட்களை இருட்டில் அவரவர் இருக்கையில் உட்காரவைத்தவர். ஓய்வு கொடுத்தபோது சீருடையைத் திருப்பிக் கொடுத்தார், டார்ச்சைக் கொடுக்கவில்லை. இடையில் உடம்புக்கு முடியாமல் போய், இப்போது மாத்திரையில் நன்றாக இருக்கிறார். மாதாமாதம் வந்து அக்காவுக்குப் பதில் சொல்லிவிட்டுப் போவார்.

"தூக்கம் எப்படிங்கய்யா?"

"முதல் பாதி பரவால்லம்மா. இடைவேளைக்கு அப்புறம் இழுத்துட்டாங்க."

"குரல் ஏதாவது கேக்குதா?"

"கேக்குது. முன்னெல்லாம் முதல் வரிசையில உக்காந்து கத்துவாங்க. இந்த வெள்ளை மாத்திரை போட்டதுலேருந்து பின்வரிசைக்குப் போயிட்டாங்க. குசுகுசுன்னு அவங்களுக்குள்ளயே பேசிக்கிறாங்க. நமக்கு ஒண்ணும் தொந்தரவு இல்ல."

"என்ன பேசிக்கிறாங்க?"

"படம் நல்லால்லன்னு."

இதற்கு ஒன்றிலிருந்து ஏழுக்குள் என்ன மார்க் போடுவது? அக்கா யோசிப்பார், பென்சிலைக் கடிப்பார், மூன்று என்பார், அழிப்பார், இரண்டு என்பார். இப்படியே பத்தொன்பதாவது கேள்விக்கு வரும்போது வாசலில் கொறடு சத்தம் கேட்கும். டார்ச் ஐயா வாயைப் பொத்திக்கொண்டு எழுந்துவிடுவார். அக்கா தாளைத் திருப்புவார். முன்பக்கத்தை வைத்து ஆள் மொத்தத்தில் எப்படி என்று ஒரு கணக்கு மனசில் இருக்குமே, சுமார் என்றால் மறுபக்கம் முழுக்க மூன்று மூன்று மூன்று. நன்றாக இருந்தால் இரண்டு இரண்டு. ஒன்பது கேள்வியையும் ஒரே மூச்சில் போட்டுக் கையெழுத்திட்டு விடுவார். இடையில் ஒரு நாலு போட்டு வைப்பதும் உண்டு, பார்க்கிறவர்களுக்கு நம்பிக்கை வர வேண்டும் அல்லவா.

அக்காவைப்போல இன்னும் மூன்று பேர் வெவ்வேறு அறைகளில் இதே வேலை பார்த்தார்கள். அவர்களுக்கும் கொறடு இல்லாவிட்டாலும் வேறு வேறு அவசரங்கள் இருந்தன. நாலு பேரும் மறுபக்கத்தை இப்படித்தான் நிரப்பினார்கள். நாலு பேருமே, தான் ஒருத்திதான் இப்படிச் செய்வதாக நினைத்து வெளியே மூச்சு விடாமல் இருந்தார்கள்.

வருஷத்துக்கு ஒரு தடவை அவர்களை ஒரே ஆளைத் தனித்தனியாகப் பார்த்து மார்க் போடச் சொல்லி, பிறகு ஒன்றாக உட்காரவைப்பார்கள். நாலு பேர் அளவும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். முன்பக்கத்தில் அடிதடிதான். "இது மூணு." "எப்படிம்மா மூணு? அந்த மனுஷன் அழுதாரே!" "வெங்காய லாரியில வந்தவர், அழாம என்ன செய்வார்?" ஆனால் மறுபக்கம் வந்துவிட்டால் நாலு பேர் மார்க்கும் அச்சடித்தாற்போல் ஒன்றாக இருக்கும். பெரிய டாக்டர் அதைப் பார்த்துப் பூரித்துப்போனார். அவர் ரொம்பத் தாழ்ந்த குரலில் பேசுகிற அம்மையார். பூரிப்பென்றால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அவ்வளவுதான். அன்றைக்கு இரண்டு தடவை துடைத்தார். நாலு பேருக்கும் சேர்த்து ஒரு பாராட்டுப் பத்திரம் சட்டம் போட்டு நடையில் மாட்டப்பட்டது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அக்கா தலையைக் குனிந்துகொண்டுதான் போவார். தன்னடக்கம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

இந்த நிலையில்தான் கத்தரி வந்து சேர்ந்தான்.

அவன் புள்ளியியல் படித்த பையன். இருபத்தெட்டுக் கேள்வியைக் குறைத்துக் கொடு என்று அவனை வரவழைத்திருந்தார்கள். எதைப் பார்த்தாலும் நறுக்கத் தோன்றும் அவனுக்கு, அதனால்தான் கத்தரி. வாசலில் காவலுக்கு இருந்த அண்ணன், பாவம், முதல் வாரம் முழுக்க அவனை வாய் நிறைய வரவேற்றார். "வாங்க தம்பி, நல்லா இருக்கீங்களா, வீட்ல எல்லாரும் சௌக்கியமா, சாப்ட்டீங்களா?" ஏழாவது நாள் கத்தரி நின்று சொன்னான்: "அண்ணே, இந்த நாலுல மூணு தேவையில்ல. சாப்ட்டீங்களா மட்டும் கேளுங்க. சாப்ட்டவன் நல்லாத்தான் இருப்பான்." அன்றிலிருந்து அண்ணன் அதையும் கேட்பதில்லை.

தன் வேலை என்ன என்பதை அவன் டீ குடிக்கும்போது அக்காவுக்கு விளக்கினான்.

"ரொம்ப சுலபம்க்கா. ஒரு டீச்சர் இருபத்தெட்டுப் பிள்ளைங்களை ரோட்டைத் தாண்டிக் கூட்டிட்டுப் போறாங்கன்னு வைங்க. டீச்சர்தான் மொத்த மார்க். பிள்ளைங்கதான் கேள்வி. டீச்சர் கையை விடாமப் புடிச்சிட்டு, அவங்க போற பக்கமே போற பிள்ளை நல்ல கேள்வி. டீச்சர் இந்தப் பக்கம் போனா, அந்தப் பக்கம் திரும்பி நாய்க்குட்டிய வேடிக்கை பாக்குற பிள்ளை கெட்ட கேள்வி. நாய்க்குட்டி கேஸ் எல்லாத்தையும் வீட்டுக்கு அனுப்பிட்டு, கையைப் புடிச்ச பிள்ளைங்களை மட்டும் வெச்சுக்கணும். அதுங்க எங்க நிக்குதுன்னு பாத்தாலே போதும், டீச்சர் எங்கன்னு தெரிஞ்சிடும்."

"அதுங்களை நீ எப்படிக் கண்டுபிடிப்பே?"

"நீங்க நாலு பேரும் இத்தனை வருஷமா போட்ட மார்க் இருக்கே. கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சிடும்."

அக்காவுக்கு டீ புரையேறியது.

பத்து நாள் கத்தரி அறையைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பதினோராம் நாள் தாளை ஆட்டிக்கொண்டு நடையில் ஓடிவந்தான். ஒரு செருப்பு பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

"அக்கா! ஆறு கேள்வி போதும்க்கா! ஆறே ஆறு! மொத்த மார்க்கை அப்படியே புட்டுப் புட்டு வைக்குது!"

"எந்த ஆறு தம்பி?"

அவன் தாளைத் திருப்பினான்.

"அத்தனையும் மறுபக்கம்! கையைப் புடிச்சா விடவே மாட்டேங்குதுங்க. என்ன ஒழுங்கு, என்ன ஒற்றுமை! பாடப் புத்தகத்துலகூட இப்படிப் பாத்ததில்ல. முன்பக்கத்தைக் கேக்காதீங்க, பத்தொம்பதும் நாய்க்குட்டி பாக்குதுங்க."

ஊரார் மனசை அளப்பதற்கென்று அந்தக் கம்ப்யூட்டர் சலித்தெடுத்த ஆறு கேள்வியும், நாலு பேரில் ஒருவர்கூட ஒரு நாளும் யாரையும் கேட்டிராத கேள்விகள்.

அன்றைக்கே சொல்லிவிடலாம் என்று அக்கா அவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, அந்த மறுபக்கத்துக் கேள்விங்க இருக்கே... அதை நாங்க அவ்வளவா... கேக்குறது இல்லப்பா."

கத்தரி அவரை உற்றுப் பார்த்தான்.

"கேக்காமலேவா இவ்வளவு துல்லியமா வருது?"

"ஆமா."

"அப்ப, கேட்டா எப்படி வரும்!" என்று கையைத் தட்டினான். சாயங்காலம் டீக்கடையில் போய், எங்க அக்கா கேக்காமலே போடுவாங்க தெரியுமா என்று பெருமையடித்தான். அங்கிருந்து புறப்பட்டதுதான் வங்கி மேனேஜரின் குடை வரைக்கும் போன அந்தப் பேச்சு.

மறுநாள் பெரிய டாக்டர் நாலு பேரையும் அழைத்தார். ஆறு கேள்வியென்றால் ஆளுக்கு ஆறேழு நிமிஷம். ஒரே ஒருவர் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து நடையில் காத்திருக்கிற அத்தனை பேரையும் பார்த்துவிடலாம். மற்ற மூன்று பேரும் வாசலில் சீட்டுக் கொடுக்கிற ஜன்னலுக்குப் போகலாம். அடுத்த வாரம் வெளியூர் ஆஸ்பத்திரிகளிலிருந்து டாக்டர்கள் வருகிறார்கள். அவர்கள் முன்னால் இந்த ஆறு கேள்வியையும் ஒருவரிடம் கேட்டுக் காட்ட வேண்டும்.

"நீங்க காட்டுங்க," என்றார் பெரிய டாக்டர், அக்காவைப் பார்த்து. "நல்லா வந்தா நாற்காலி உங்களுக்குத்தான். டார்ச் ஐயா வர்றேன்னு ஒத்துக்கிட்டார்."

அந்த ஜன்னலை அக்காவுக்குத் தெரியும். கண்ணாடியில் வட்டமாக ஓட்டை போட்டிருப்பார்கள். வருகிறவர்கள் அதில் வாயை வைத்துப் பேசுவார்கள், உள்ளே இருப்பவர் அதில் காதை வைத்துக் கேட்பார். நாள் முழுக்க அங்கே கேட்கிற ஒரே கேள்வி, "பழைய சீட்டு இருக்கா?" படம் நல்லால்லன்னு பேசிக்கிறாங்க என்று அந்த ஓட்டை வழியாக யாரும் சொல்லப்போவதில்லை. அதனால் அக்கா வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். வெளியே வந்ததும் மற்ற மூன்று பேரும் அவர் கையைப் பிடித்து வாழ்த்தினார்கள். ஒருத்தி கண்ணிலும் பொறாமை இல்லை, தப்பித்தோம் என்ற நிம்மதிதான் இருந்தது. அதுதான் அக்காவுக்குக் கிலியாக இருந்தது.

சரி, கேட்டுத்தான் பழகிவிடுவோமே என்று கேள்விகளை வீட்டுக்கு எடுத்துவந்தார். வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். கற்றுக்கொள்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கிற தனி பிரேக்கை அமுக்கி அமுக்கியே காலம் தள்ளுகிறவர். எங்கே எப்போது பயந்தாலும் வலது கால் தானாகத் தரையை அமுக்கும்.

"என்னங்க, செஞ்ச தப்பு எதையாவது நினைச்சு உங்க மனசு உறுத்துதா?"

வாத்தியார் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். மேஜைக்கு அடியில் கால் போய் அமுங்கியது.

"ஏன் கேக்குறே?"

"சும்மாதான்."

"சும்மா கேக்குற கேள்வியா இது?"

"இருபத்தி ரெண்டாவது கேள்வி. ஒண்ணுலேருந்து ஏழு வரைக்கும் சொல்லுங்க."

இரண்டு காலும் அமுங்கின. வாத்தியார் தண்ணீர்ச் சொம்பைத் தள்ளி வைத்தார். அப்புறம், "உன் தம்பி சொல்லிட்டானா?" என்றார்.

"எதை?"

"லைசென்ஸ் டெஸ்ட்ல அவன் வண்டி நடு ரோட்டுல மூணு தடவை நின்னுதே, அது வண்டியில கோளாறு இல்லம்மா. நான்தான் பிரேக்கை அமுக்கினேன். அவனுக்கு லைசென்ஸ் வந்தா தினமும் நம்ம வண்டிய வந்து கேப்பான்னு..."

அக்காவுக்குக் கோபம் வரவில்லை. தம்பி ஐந்து வருஷமாக பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவதுகூட அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை. இந்த மனுஷனுக்கு மறுபக்கத்தில் கேட்காமலே போட்டிருந்தால் நான் ஒரே ஒரு மார்க் அல்லவா போட்டிருப்பேன் என்றுதான் தோன்றியது.

மாடியில் வாத்தியாரின் அக்கா குடியிருந்தார். அவரிடம் அடுத்த கேள்வி போயிற்று.

"அண்ணி, உங்களைப் பத்தி யாராவது பின்னாடி பேசுறாங்கன்னு உங்களுக்குத் தோணுதா?"

"யாரு? என்ன பேசினா? எதிர்வீட்டுக்காரியா? பேரைச் சொல்லு."

"அப்படி இல்ல அண்ணி, பொதுவா கேக்குறேன்."

"பொதுவா எல்லாருமா பேசுறாங்க?"

பொழுது விடிவதற்குள் அந்தத் தெருவில் நாலு வீடு அண்ணியோடு பேச்சை நிறுத்தியிருந்தன. ஒரு வீட்டில் உண்மையாகவே பேசியிருக்கிறார்கள் என்பது பின்னால் தெரியவந்தது.

சொன்ன நாள் வந்தது. பெரிய கூடத்தில் முப்பது டாக்டர்கள், ஆளுக்கொரு தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அக்கா கேட்கக் கேட்க அவர்களும் மார்க் போட்டுப் பார்க்க வேண்டும். கத்தரி புதுச் சட்டை போட்டு முதல் வரிசையில் இருந்தான். கடைசி வரிசையில் பல் டாக்டர், பிஸ்கட்டுக்காக வந்தவர். கேள்வி கேட்கிற மற்ற மூன்று பேரும் சுவரோரம் நின்றார்கள். டார்ச் ஐயா உள்ளே நுழைந்ததும் அங்கேயே நின்று டார்ச்சை எடுத்தார். தாமதமாக வந்த இரண்டு டாக்டர்களுக்கு வெளிச்சம் காட்டி, "காலை மடக்குங்க, வழி விடுங்க," என்று அவர்களை நடு வரிசையில் சேர்த்த பிறகுதான் மேடைக்கு வந்தார். முப்பது பென்சிலும் அப்போதே எதையோ குறித்துக்கொண்டன.

"ஐயா, உங்களைப் பத்தி யாராவது பின்னாடி பேசுறாங்கன்னு தோணுதா?"

டார்ச் ஐயா மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். முப்பது டாக்டர்களும் ஒருவர் காதில் ஒருவர் சொல்லிக்கொண்டு இருந்தார்கள்.

"தோணுறது என்னம்மா, இதோ பேசிட்டுத்தானே இருக்காங்க."

பென்சில்கள் சரசரத்தன. ஆறு.

"மத்தவங்களுக்கு இல்லாத விசேஷ சக்தி ஏதாவது உங்களுக்கு இருக்குன்னு தோணுதா?"

"இருக்கு. இருட்டுல எனக்குக் கண்ணு தெரியும்."

சரசர. ஏழு.

"யாரையாவது அடிக்கணும்போல இருக்கா?"

"பல் டாக்டரை."

கடைசி வரிசையில் ஒரு பிஸ்கட் கீழே விழுந்தது. ஏழு. இரண்டு டாக்டர்கள் பக்கத்திலிருந்தவரின் தாளை எட்டிப் பார்த்து, ஏழுக்கு மேலே இடமில்லையே என்று வருத்தப்பட்டார்கள்.

அப்போதுதான் டார்ச் ஐயா தலையைச் சொறிந்துகொண்டு அக்காவைப் பார்த்தார். "ஏம்மா, இதெல்லாம் என்ன புதுசா இருக்கு? இத்தனை வருஷத்துல நீங்க என்கிட்ட இதுல ஒண்ணுகூடக் கேட்டதே இல்லியே?"

முப்பது பென்சிலும் நின்றன.

முதல் வரிசையிலிருந்த ஒரு டாக்டர் பக்கத்தில் இருந்தவரிடம், "மாசாமாசம் கேட்டதே ஞாபகம் இல்ல. மறதி வேற," என்றார். இன்னொருவர், "மூடி மறைக்கிறார்," என்றார். பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை. நர்ஸைக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில், "வார்டுல ஒரு படுக்கை இருக்கான்னு பாருங்க," என்றார்.

அந்தத் தாழ்ந்த குரல் அக்காவுக்குக் கேட்டது. டார்ச் ஐயாவுக்கும் கேட்டது. அவர் டார்ச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். உண்மையை உண்மை என்று சொன்னதற்கு ஒரு மனுஷனுக்கு ஏழுக்கு ஏழு விழுகிறது. வாயைத் திறக்காமல் இருந்தால் நாற்காலி அக்காவுக்கு, படுக்கை அவருக்கு. அக்காவின் வலது கால் தானாகத் தரையை அமுக்கியது. அத்தனை வருஷம் வாத்தியாரோடு குடித்தனம் செய்தவர் அல்லவா.

"படுக்கை வேண்டாம் டாக்டர்," என்றார் அக்கா. "அவர் சொல்றது நிஜம். நான் கேட்டதில்ல. மறுபக்கத்துல ஒரு கேள்வியும் கேட்டதில்ல. முன்பக்கத்தைப் பாத்துக் குத்துமதிப்பாப் போட்டுட்டேன். எல்லாருக்கும்."

"நானும்தான்," என்று ஒரு குரல் வந்தது. பக்கத்து அறைக்காரி. "நானும்." "நானும்." நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்து வாயைப் பிளந்தார்கள். நடையில் சட்டம் போட்ட பத்திரம் எதற்குக் கிடைத்தது என்பது அந்த நிமிஷம்தான் அவர்களுக்கே விளங்கியது.

கத்தரி எழுந்து நின்றான். "அப்ப... டீச்சர் கையைப் புடிச்சிட்டு வந்த பிள்ளைங்க..."

"பிள்ளைங்களே இல்ல தம்பி," என்றார் அக்கா. "அது டீச்சரோட நிழல்."

நடு வரிசையில், டார்ச் ஐயா வெளிச்சம் காட்டி உட்காரவைத்தாரே, அந்த வெளியூர் டாக்டர் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார்.

"ஒரு சந்தேகம். இந்தத் தாளுக்கு மறுபக்கம்னு ஒண்ணு இருக்கா?"

எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இல்ல, எங்க ஆஸ்பத்திரியில ஜெராக்ஸ் எடுத்துத்தான் வெச்சிருக்கோம். ஒரு பக்கம்தான் வந்திருக்கு. பத்தொம்பதோட முடிஞ்சிடும். நல்லாத்தான் ஓடுது."

அதற்குப் பிறகு அந்தக் கூட்டத்தை ஒழுங்குக்குக் கொண்டுவர யாராலும் முடியவில்லை. ஒரு டாக்டர் தன் ஊரில் பத்தாவது கேள்வியோடு எல்லாருக்கும் தூக்கம் வந்துவிடும் என்றார், நோயாளிக்கா டாக்டருக்கா என்று சொல்லவில்லை. பல் டாக்டர் மட்டும் எழுந்து மேடைக்கு வந்தார். அடி வாங்கத்தான் வருகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். டார்ச் ஐயாவிடம் பிஸ்கட் தட்டை நீட்டி, "இனிமே கொறடைப் பையில வெச்சுக்கிறேங்க," என்றார். அவர் வாயிலிருந்து ஒரு முழு வாக்கியம் வந்ததை ஆஸ்பத்திரி அன்றைக்குத்தான் கேட்டது. படுக்கைப் பேச்சு அதோடு போயிற்று.

பெரிய டாக்டர் மறுநாள் காலை தீர்ப்புச் சொன்னார். பாராட்டுப் பத்திரம் கழற்றப்படும். நாலு பேரும் தாங்கள் கேட்காமல் போட்ட மறுபக்கத்தை, அவரவர் ஆட்களிடம் ஒரு கேள்வி விடாமல் கேட்டு, பழைய மார்க்கை அழித்துப் புது மார்க் போட வேண்டும். ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக் கூடாது. எல்லாம் நிரம்பிய பிறகு கத்தரி புதிதாகக் கணக்குப் போடுவான். எந்தெந்தக் கேள்வி மிஞ்சுகிறதோ அவை மிஞ்சட்டும். நாற்காலி விஷயம் அப்போது பேசிக்கொள்ளலாம்.

"அதுவரைக்கும்," என்றார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "பாக்கி வெச்சவங்க யாரும் நாற்காலிய விட்டு எந்திரிக்கக் கூடாது."

கேள்வி கேட்பதற்கே நாள் போதவில்லை. கேட்டால்தான் பதில் வருகிறதே. சுமார் ரகம், மூன்று மூன்று என்று அக்கா வருஷக்கணக்காக ஒதுக்கிவைத்திருந்த ஒரு தையல்காரர், விசேஷ சக்தி பற்றிய இருபத்து மூன்றாவது கேள்விக்கு அரை மணி நேரம் சிரித்தார். எப்போதும் ஐந்து விழுந்துகொண்டிருந்த ஒரு அம்மாள், தன் மேல் யாருக்கும் கோபம் இல்லை, எல்லாருக்கும் தன்னைப் பிடிக்கும், அதுதான் தொல்லை என்றார். மறுபக்கத்து மார்க்குகள் எல்லாம் கையை உதறிக்கொண்டு நாலா பக்கமும் ஓடின. கத்தரி தினமும் வந்து எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். "எல்லாம் நாய்க்குட்டி பாக்க ஆரம்பிச்சிடுச்சுக்கா," என்பான். ஆனால் மெல்ல மெல்ல அவனும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஓரமாக உட்கார்ந்து கேட்கத் தொடங்கினான். ஒரு நாள் வாசல் அண்ணனிடம் போய், "நல்லா இருக்கீங்களாண்ணே, வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று விசாரித்தான். அண்ணன், "எனக்கு என்ன மார்க் போடப்போறே?" என்று கேட்டுவிட்டார்.

டார்ச் ஐயா மட்டும் ஒரு நிபந்தனை போட்டார். ஒன்பது கேள்வியையும் ஒரே நாளில் கேட்டுத் தீர்த்துவிடக் கூடாது. ஒரு வருகைக்கு ஒன்றுதான்.

"மொத்தப் படத்தையும் டிரெய்லர்லயே காட்டிடுவாங்களா?" என்றார்.

அப்படியே மாதத்துக்கு ஒன்றாக எட்டுக் கேள்வி முடிந்தது. மற்றவர்களுடைய தாள்கள் எல்லாம் நிரம்பிவிட்டன. ஆஸ்பத்திரி முழுக்க ஒரே ஒரு கட்டம் காலி. டார்ச் ஐயாவின் இருபத்தெட்டாவது கேள்வி: இனிமேல் என்ன செய்வதாக யோசித்து வைத்திருக்கிறீர்கள்?

அந்தக் கேள்விக்கு அக்கா வாயைத் திறந்ததும் ஐயா கையைக் காட்டித் தடுத்தார்.

"ஏம்மா, இதையும் கேட்டுட்டா உங்க கணக்கு முடிஞ்சிடுமா?"

"முடிஞ்சிடுங்கய்யா."

"முடிஞ்சா?"

"அந்தத் தம்பி திரும்பக் கணக்குப் போடும். கேள்வி குறையும். நாற்காலியும் குறையும்."

"உங்க நாற்காலியா?"

"இருக்கலாம்."

டார்ச் ஐயா டார்ச்சைத் தட்டிப் பார்த்தார். பகல்தானே, எரியவைக்கவில்லை.

"அப்ப இடைவேளை," என்றார். "அடுத்த தடவை கேளுங்க."

அடுத்த தடவையும் இடைவேளைதான். அதற்கடுத்த தடவை இருமல். போன மாதம், பதில் தயாராக இருக்கிறது, ஆனால் வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன் என்றார். அக்காவும் வற்புறுத்தவில்லை; முன்பக்கத்துப் பத்தொன்பதையும் ஆற அமரக் கேட்டார். குரல்கள் இன்னும் பின்வரிசையில்தான் இருக்கின்றனவாம், படம் பரவாயில்லை என்று சொல்ல ஆரம்பித்திருக்கிறார்களாம்.

வாசலில் கத்தரி நின்றுகொண்டிருந்தான். முன்பு கொறடு நின்ற அதே இடம்.

"அக்கா, அந்த ஒரு கட்டம்?"

"வருது தம்பி."

"ஒண்ணே ஒண்ணுதானேக்கா. ஒரு இடம் விட்டுப்போச்சுன்னா, மத்த பதிலை எல்லாம் வெச்சு இது இவ்வளவுதான் இருக்கும்னு ஊகிச்சு நிரப்புறதுக்கு எங்க படிப்புல ஒரு முறை இருக்கு. நான் வேணா குத்துமதிப்பா..."

சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கே நாக்கு ஒட்டிக்கொண்டது. அக்கா பார்த்த பார்வை அப்படி. உள்ளே டார்ச் ஐயா பார்த்தார். மற்ற அறைகளிலிருந்து மூன்று தலைகள் எட்டிப் பார்த்தன. பல் டாக்டர்கூட வார்டில் ஒருவர் வாயைத் திறந்தபடி விட்டுவிட்டு வந்து பார்த்தார்.

"வேண்டாம்க்கா," என்றான் கத்தரி. "நான் காத்திருக்கேன்."

டார்ச் ஐயா எழுந்து, அவனுக்கு வெளிச்சம் காட்டி, தன் நாற்காலியிலேயே உட்காரவைத்துவிட்டு, அடுத்த மாதம் வருவதாகச் சொல்லிப் போனார். அக்கா தாளைத் திருப்பிப் பார்த்தார். இருபத்தெட்டாவது கட்டத்தில் பழைய மூன்று அழித்த தடம் லேசாகத் தெரிகிறது. புதிதாக இன்னும் ஒன்றும் விழவில்லை.